கதவைத் தட்டும் உரிமை

1997-ம் வருடம், மார்ச் மாதம். அமெரிக்காவிலிருந்து வரும் 'வயர்ட்' பத்திரிகை தன் அட்டையில் ஒரு வார்த்தையைக் கொட்டை எழுத்தில் போட்டது. 'புஷ்!' தள்ளு என்று அர்த்தம்.

உள்ளே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? பிரௌசரின் கதை முடிந்தது. இனிமேல் யாரும் வெப்சைட்டைத் தேடிக்கொண்டு போகப் போவதில்லை. செய்தி, வேடிக்கை, ஷேர் விலை எல்லாம் தானாகவே உங்களைத் தேடிக்கொண்டு வரும். அப்புறம் எதற்கு பிரௌசர்? வழியனுப்பி வையுங்கள்.

பிரௌசருக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. சாமானியர்கள் புழங்கும்படியான முதல் பிரௌசரான மொசைக் வந்ததே 1993-ல்தான். நடக்கப் பழகும் குழந்தைக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

இன்றைக்கு நீங்கள் ஒரு செய்தித் தளத்துக்குள் நுழைகிறீர்கள். முதல் வரியைப் படிப்பதற்குள் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. 'இந்தத் தளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப விரும்புகிறது. அலவ்? பிளாக்?' அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு நீண்ட பூர்வோத்தரம் இருக்கிறது. பல கோடி டாலர் பணமும், ஒரு பெரிய வழக்கும், கொஞ்சம் உளவும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான். அடுத்தவர் வீட்டுக் கதவை எப்போது வேண்டுமானாலும் தட்டும் உரிமையை யார் யாருக்குக் கொடுப்பது?

முதலில் வெப் என்பது அடிப்படையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது ஒரு கிணறு. நீங்கள் போய் வாளியை விட்டு இறைத்தால்தான் தண்ணீர். உங்கள் பிரௌசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், அந்தப் பக்கம் சர்வர் எடுத்துக் கொடுக்கும். அத்தோடு சரி. சர்வர் தானாக வாய் திறந்து, 'சார், புதுசா ஒரு சேதி வந்திருக்கு' என்று கூப்பிடவே முடியாது. உங்கள் விலாசமே அதற்குத் தெரியாது.

இதை மாற்றிக் காட்டுகிறோம் என்று முதலில் பெரிதாகக் கிளம்பியவர்கள் பாயின்ட்காஸ்ட் என்ற கலிஃபோர்னியா கம்பெனிக்காரர்கள். கிறிஸ்டோபர் ஹாசெட் என்பவர் தன் சகோதரருடன் சேர்ந்து 1992-ல் ஆரம்பித்தது. 1996-ல் அவர்கள் ஒரு ஸ்கிரீன் சேவரை இலவசமாகக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அந்தக் காலத்தில் திரையில் மீன் நீந்தும், டோஸ்டர் பறக்கும் இல்லையா? அதற்குப் பதிலாகத் தலைப்புச் செய்திகள் ஓடின. வானிலை, பங்கு விலை, விளையாட்டு ஸ்கோர், நடுநடுவே விளம்பரம்.

ஜனங்கள் மயங்கிப் போனார்கள். வால் ஸ்ட்ரீட்டும் மயங்கியது. 1997 தொடக்கத்தில் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் சுமார் 45 கோடி டாலருக்குக் கம்பெனியை மொத்தமாகக் கேட்டதாகச் செய்தி வந்தது. பேரம் படியவில்லை.

படிந்திருக்கலாம்.

ஏனென்றால் அதற்குள் ஆபீஸ்களில் புகைய ஆரம்பித்திருந்தது. ஒரு கம்பெனியில் 300 பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். 300 பேரும் பாயின்ட்காஸ்ட் போட்டிருக்கிறார்கள். ஒரே செய்தி, ஒரே விளம்பரம் 300 தடவை தனித்தனியாக ஆபீஸின் ஒற்றை இணைய லைன் வழியாக இறங்கும். அன்றைய லைன் எவ்வளவு தாங்கும்? முக்கியமான மெயில் வெளியே போகாமல் நிற்கும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஆசாமிகள் கடுப்பாகிப் பல இடங்களில் பாயின்ட்காஸ்டைத் தடை செய்தார்கள்.

இன்னொரு ரகசியமும் உண்டு. புஷ், புஷ் என்று ஊரே கூவியதே, பாயின்ட்காஸ்ட் உண்மையில் புஷ்ஷே கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அந்த புரோகிராம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சர்வருக்கு ஓடிப்போய், 'ஏதாவது புதுசா இருக்கா? ஏதாவது புதுசா இருக்கா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதே கிணறு, அதே வாளிதான். இறைப்பதற்கு மட்டும் ஒரு ஆளை வைத்துவிட்டார்கள்.

1999-ல் கம்பெனி கைமாறியபோது சொல்லப்பட்ட விலை சுமார் 70 லட்சம் டாலர். 45 கோடி எங்கே, 70 லட்சம் எங்கே!

மைக்ரோசாஃப்ட்டும் இந்தக் குட்டையில் இறங்கிக் குளித்தது. விண்டோஸ் 98 போட்ட கம்ப்யூட்டரில் வலது ஓரம் 'சேனல் பார்' என்று ஒரு பட்டை நின்றது ஞாபகமிருக்கிறதா? டயல்-அப் மோடம் கீ கீ என்று கத்திக் கனெக்‌ஷன் கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் அந்தச் சேனல்களை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்? புஷ் என்ற வார்த்தைக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. கொஞ்ச காலத்துக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.

அதே 1999-ல் கனடாவைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன் என்ற கம்பெனி, பேஜர் மாதிரி ஒரு குட்டிக் கருவியை வெளியிட்டது. பெயர் பிளாக்பெர்ரி. ஆபீஸ் சர்வரில் மெயில் வந்து விழுந்தால் அடுத்த சில நொடிகளில் இடுப்பில் இருக்கும் கருவி துடிக்கும். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. இதுதான் நிஜமான புஷ். அமெரிக்காவில் மந்திரிகள், வக்கீல்கள், வங்கி முதலாளிகள் எல்லோரும் அதற்கு அடிமையானார்கள். அடிமை என்று நான் சும்மா சொல்லவில்லை. போதைப் பொருளின் பெயரைச் சேர்த்து அதற்கு 'கிராக்பெர்ரி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2006-ல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதிக்காரர்கள் அதை அந்த வருடத்தின் வார்த்தையாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

அதே 2006-ல்தான் அந்த வழக்கும் முடிந்தது. கம்பியில்லாமல் மெயிலைக் கொண்டு சேர்க்கும் உத்தி எங்கள் பேட்டன்ட் என்று என்டிபி என்ற சின்ன கம்பெனி கோர்ட்டுக்குப் போயிருந்தது. பிளாக்பெர்ரி சேவையையே அமெரிக்காவில் நிறுத்த வேண்டி வரலாம் என்ற நிலைமை. கடைசியில் 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். மணி அடிக்கும் உரிமைக்கு மார்க்கெட்டில் என்ன விலை என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடுத்து ஆப்பிள். ஐபோனில் வெளியார் எழுதிய ஆப்களை அனுமதிக்கப் போகும் 2008-ல் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஆப்பும் பின்னணியில் விழித்துக்கொண்டு, 'ஏதாவது புதுசா இருக்கா?' என்று பாயின்ட்காஸ்ட் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி என்ன ஆகும்? மத்தியானத்துக்குள் செத்துவிடும். ஆப்பிள் சொன்ன தீர்வு இது. எல்லா ஆப்பும் தூங்கட்டும். போனுக்கும் ஆப்பிளின் சர்வருக்கும் நடுவே ஒரே ஒரு லைன் மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும். யாருக்குச் சேதி இருந்தாலும் எங்களிடம் கொடுங்கள், நாங்கள் கொண்டு சேர்க்கிறோம். அந்த செப்டம்பரிலேயே வரும் என்றார்கள். வந்தது 2009 ஜூனில். கூகுளும் 2010-ல் ஆண்ட்ராய்டுக்கு இதே ஏற்பாட்டைச் செய்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். பேட்டரியைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றிலிருந்து உலகத்தில் யார் யாருக்கு மணி அடித்தாலும் அது இரண்டு மூன்று தபால் ஆபீஸ்களின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது. இதன் விளைவைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஆப் வைத்திருப்பவனுக்கு மணி கிடைத்துவிட்டது. வெறும் வெப்சைட் வைத்திருப்பவன் என்ன செய்வான்? அவன் பக்கத்தை மூடிவிட்டால் ஆள் போனது போனதுதான். 2013-ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டரின் சஃபாரியில் ஒரு வழி செய்து கொடுத்தது. அது ஆப்பிள் வீட்டுக்கு மட்டும். எல்லோருக்குமான வழியை கூகுள் 2015 ஏப்ரலில் குரோம் 42-ல் திறந்தது. 2016 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் பின்தொடர்ந்தது. எந்த பிரௌசரைக் கொல்ல புஷ் வரப்போகிறது என்று 'வயர்ட்' சொன்னதோ, அந்த பிரௌசரே புஷ்ஷை வாய்க்குள் போட்டுக்கொண்டது.

ஒரு சின்ன ஜவுளிக்கடைக்காரர் தன் வெப்சைட்டில் இந்த மணியைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்னதான் நடக்கிறது?

முதல் நிபந்தனை, தளத்தின் முகவரி பூட்டுப் போட்டதாக, அதாவது 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்க வேண்டும். அடுத்து, 'சர்வீஸ் வொர்க்கர்' என்று ஒரு சின்ன புரோகிராமை எழுதி வைக்க வேண்டும். நீங்கள் அந்தத் தளத்துக்கு வரும்போது அது உங்கள் பிரௌசருக்குள் குடிவந்துவிடும். ஒரு வாட்ச்மேன் மாதிரி. நீங்கள் பக்கத்தை மூடினாலும் அவர் போக மாட்டார். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். யாராவது எழுப்பினால் எழுந்து வேலையை முடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்.

அப்புறம்தான் அந்தப் பெட்டி. நீங்கள் 'அலவ்' அழுத்திவிட்டீர்கள். உடனே உங்கள் பிரௌசர் தன் கம்பெனியின் தபால் ஆபீஸுக்குப் போய் ஒரு விலாசம் வாங்கி வரும். குரோம் என்றால் கூகுளிடம், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொஸில்லாவிடம், சஃபாரி என்றால் ஆப்பிளிடம். நீளமான, தாறுமாறான எழுத்துகள் கொண்ட விலாசம். அதில் உங்கள் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, மெயில் ஐடி இல்லை. அந்தக் கடைக்கும் உங்கள் பிரௌசருக்கும் மட்டுமே பொருந்தும். கூடவே பிரௌசரே ஒரு பூட்டும் தரும். கடைக்காரர் இரண்டையும் தன் கணக்கில் எழுதி வைத்துக்கொள்வார்.

தீபாவளித் தள்ளுபடி வந்துவிட்டது. கடைக்காரர் சேதியை எழுதி, நீங்கள் கொடுத்த பூட்டைப் போட்டு, தன் முத்திரையைக் குத்தி, அந்த விலாசத்துக்கு அனுப்புகிறார். இத்தனை நேரம் வைத்திருந்து பாருங்கள், அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று கெடுவும் சொல்ல வேண்டும். உங்கள் போன் நெட்டுக்கு வந்ததும் தபால் ஆபீஸ் கவரைத் தள்ளும். வாட்ச்மேன் எழுவார். பூட்டைத் திறந்து கொடுப்பது பிரௌசர். மணி அடிக்கும். கவருக்கும் அளவு உண்டு. சுமார் 4,000 எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று தபால் ஆபீஸை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ் என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். நம் எழுத்து ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குக் குறைந்தது மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும்.

2015-ல் குரோம் இதைத் தொடங்கியபோது கவரே கிடையாது, வெறும் தட்டல் மட்டும்தான். வாட்ச்மேன் எழுந்து, கடைக்கு ஓடிப்போய், 'யாரோ தட்டினாங்க, என்ன சேதி?' என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். தபால்காரர் பிரித்துப் படித்துவிடக் கூடாது, அதற்கான பூட்டு தயாராகும் வரை கவரே வேண்டாம் என்று காத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்துதான் பூட்டிய கவர் வந்தது. அனுப்பும் முறை 2016 டிசம்பரிலும், பூட்டும் முறை 2017 நவம்பரிலும் உலகப் பொது விதிகளாக எழுதப்பட்டன.

ஒரு கண்டிப்பான விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. வாட்ச்மேனை எழுப்பினால் திரையில் எதையாவது காட்டியே ஆக வேண்டும். சத்தமில்லாமல் எழுப்பி, சத்தமில்லாமல் ஒரு வேலை பார்த்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அப்படிப் போனால் குரோம் தானே ஒரு அறிவிப்பைப் போட்டு, 'இந்தத் தளம் பின்னணியில் ஏதோ செய்தது' என்கிற அர்த்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் போனை எழுப்பிப் பார்ப்பது வேவு பார்ப்பதற்குச் சமம் என்று யோசித்திருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள் கோட்டை விட்ட இடம் அந்தப் பெட்டி. அது எப்போது எட்டிப் பார்க்கலாம் என்று யாரும் கறாராகச் சொல்லவில்லை. விளைவு? கடைக்குள் காலை வைப்பதற்குள்ளேயே, 'வீட்டுச் சாவியைக் கொடுங்க' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2018 டிசம்பர் 25 முதல் ஒரு மாதம் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் மொஸில்லா கணக்கெடுத்தது. 1 கோடியே 80 லட்சம் தடவை அந்தப் பெட்டி தோன்றியிருந்தது. 'சரி' என்று சொன்னது 3 சதவிகிதம்கூட இல்லை. கிட்டத்தட்ட 19 சதவிகிதத் தடவை, பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் ஆள் தளத்தை விட்டே கிளம்பிப் போயிருந்தார். ஒருவரைத் திரும்பத் திரும்ப வரவழைக்கத்தான் அந்த மணி. அது வந்தவரையும் துரத்திக்கொண்டிருந்தது.

தளக்காரர்கள் திருந்தினார்களா? சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். 'பிளாக்' என்று ஒரு தடவை அழுத்திவிட்டால், நீங்களாக மாற்றும் வரை அந்தத் தளம் மறுபடி கேட்க முடியாது. எனவே பிரௌசரின் பெட்டியைக் காட்டுவதற்கு முன்னால் தாங்களே ஒரு போலிப் பெட்டியைக் காட்டினார்கள். 'சூடான செய்திகள் வேண்டுமா? ஆமாம் / பிறகு பார்க்கலாம்'. வேண்டாம் என்ற பட்டனே அதில் இருக்காது. பிறகு பார்க்கலாம் என்றால் நாளைக்கும் கேட்பார்கள். ஆமாம் என்றால்தான் நிஜப் பெட்டி வரும். இந்தப் போலிப் பெட்டியை இன்றைக்கும் நீங்கள் தினம் பார்க்கிறீர்கள்.

அயோக்கியர்கள் இதையும் தாண்டினார்கள். சினிமா டவுன்லோடு பண்ணும் தளம் மாதிரி ஏதோ ஒன்று. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்' என்று எழுதியிருக்கும். அழுத்திவிடுகிறார் ஒரு பெரியவர். அன்று ராத்திரியிலிருந்து, 'உங்கள் போனில் 5 வைரஸ்! உடனே சுத்தம் செய்யுங்கள்!' என்று சிவப்பு எழுத்தில் மணி மேல் மணி. போனே பேசுகிறது என்று அவர் நம்புவார். அது எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்ற பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டாலும் கண்ணில் படாது. பயந்துபோய்த் தொட்டால் பணம் பறிக்கும் பக்கத்துக்குப் போய் நிற்கும். போனில் வைரஸே இருந்திருக்காது. உங்கள் வீட்டிலும் அப்பாவோ அத்தையோ இப்படி அவஸ்தைப்பட்டால் குரோமின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று இருக்கும். அங்கே அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியலே இருக்கிறது. தெரியாத பெயரை எடுத்துவிட்டால் மணி நின்றுவிடும். இரண்டு நிமிட வேலை.

பிரௌசர்காரர்கள் 2019-20 வாக்கில் பிடியை இறுக்கினார்கள். பயனாளி எதையாவது தொடாமல் கேட்கவே கூடாது என்றது சஃபாரி. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழிக்கு வந்து, அதுவரை பெட்டியை ஒரு சின்ன அடையாளமாகச் சுருக்கியது. அடுத்த மாதமே குரோமும், எல்லோரும் மறுக்கிற தளங்களின் வாயை இப்படி அடைத்தது. ஐபோன்காரர்கள் இந்தக் கூத்து எதையும் பார்க்கவில்லை. வெப்சைட்டுக்கு மணி அடிக்கும் உரிமையை ஆப்பிள் ஐபோனில் தந்ததே 2023 மார்ச்சில்தான். அதுவும் அந்தத் தளத்தை நீங்களே ஹோம் ஸ்கிரீனில் கொண்டுவந்து வைத்தால் மட்டும்.

அந்த வருடக் கடைசியில்தான் தபால் ஆபீஸ் விவகாரம் வெளியே வந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், நீதித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசாங்கங்கள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் போய், புஷ் நோட்டிஃபிகேஷன் விவரங்களைக் கேட்டு வாங்குகின்றன, இதைப் பற்றி வெளியே சொல்லவும் அந்தக் கம்பெனிகளுக்கு அனுமதி இல்லை என்பது கடிதத்தின் சாரம். கவருக்குள் இருப்பது பூட்டியே இருக்கலாம். ஆனால் எந்த ஆப், எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்குத் தட்டியது என்ற பேரேடு தபால் ஆபீஸில் இருக்கிறதே! ரகசிய சாட் ஆப் வைத்திருக்கும் ஒரு பத்திரிகையாளரின் போன் எப்போதெல்லாம் துடித்தது என்று தெரிந்தால் போதாதா? கடிதம் வெளியானதும் ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் இனி தருவதில்லை என்று விதியையும் மாற்றியது. 2009-ல் பேட்டரிக்காகப் போட்ட ஒற்றை லைன் இது.

2025 அக்டோபரில் கூகுள் இன்னொரு காரியம் செய்தது. நீங்கள் சமீபத்தில் எட்டிப் பார்க்காத தளம் ஓயாமல் மணி அடித்துக்கொண்டிருந்தால், உங்களைக் கேட்காமலே குரோம் அந்த அனுமதியைப் பிடுங்கிவிடும் என்று அறிவித்தது. பிடுங்கிய சேதியை உங்களுக்குச் சொல்லும், வேண்டுமானால் நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். காரணமாக அவர்கள் சொன்ன கணக்கு: வருகிற நோட்டிஃபிகேஷன்களில் 1 சதவிகிதத்தைக்கூட ஜனங்கள் தொடுவதில்லை. சோதித்துப் பார்த்ததில் மணிச் சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஜனங்கள் மொத்தமாகத் தொட்ட எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. குறைவாக மணி அடித்த தளங்களுக்கு அது கொஞ்சம் ஏறியும் இருந்ததாம்.